துணைவருக்கு அமெரிக்கக் குடிவரவு விசா: வக்கீல் வைக்கலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

கல்யாணம் முடிந்து ஒருவர் அமெரிக்காவிலும் இன்னொருவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, விசா வர எத்தனை மாதம் ஆகும் என்பது. அதற்கு யாராலும் உறுதியான பதில் தர முடியாது. அடுத்த கேள்வி, வக்கீல் வைக்க வேண்டுமா என்பது. இதற்குப் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் உங்கள் நண்பருக்கு ஒன்றாகவும் உங்களுக்கு வேறாகவும் இருக்கும். "நாங்க வக்கீலே இல்லாம முடிச்சோம்" என்று ஒருவர் சொல்வதும், "வக்கீல் இல்லாம இறங்கவே இறங்காதீங்க" என்று இன்னொருவர் சொல்வதும் அவரவர் கதைக்கு உண்மைதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விசாவில் படிவங்கள் கடினமானவை அல்ல. கடினமாக இருக்கக்கூடியது உங்கள் இருவரின் பழைய வரலாறு. எங்கே எவ்வளவு நாள் தங்கினீர்கள், எந்த விசா விண்ணப்பத்தில் என்ன சொன்னீர்கள், முன்பு திருமணம் ஆனதா, போலீஸ் வழக்கு ஏதும் உண்டா? வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் இந்த வரலாற்றை எடை போடுவதற்கான கூலி. தட்டச்சுக்காக அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை. அதனால் முதலில் உங்கள் வரலாற்றை நீங்களே பாருங்கள். அப்புறம் வக்கீலைப் பற்றி முடிவெடுக்கலாம். அதற்கான வரிசைதான் கீழே இருப்பது.

படி 1: உங்கள் வழி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பான்சர் செய்பவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா என்பதில் பாதை பிரிகிறது. குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவிக்கு ஆண்டு வரம்பு கிடையாது. கோப்பு நகரும் வேகம்தான் காத்திருப்பை முடிவு செய்யும். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைவர் எஃப்2ஏ என்ற பிரிவில் வருவார். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் தங்கள் தேதி (மனுப் போட்ட நாள்) வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் இந்த வழியில் ஸ்பான்சர் செய்ய முடியாது. அவருடைய துணைவருக்கு எச்-4 என்ற சார்பு விசா இருக்கிறது, அது வேறு கதை.

பாதை இப்படிப் போகும். ஸ்பான்சர் ஐ-130 என்ற மனுவை யுஎஸ்சிஐஎஸ் என்கிற குடிவரவுத் துறைக்கு அனுப்புகிறார். ஒப்புதல் கிடைத்ததும் கோப்பு என்விசி எனப்படும் தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே டிஎஸ்-260 விண்ணப்பம், ஐ-864 என்ற பண உத்தரவாதப் பத்திரம், சான்றிதழ்கள் எல்லாம் ஆன்லைனில் ஏறும். எல்லாம் சரி என்றால் தூதரகத்தில் இன்டர்வியூ. இந்தியாவில் இது பெரும்பாலும் மும்பை துணைத் தூதரகத்தில்தான் நடக்கிறது, நீங்கள் திருநெல்வேலியில் இருந்தாலும் பயணத்துக்குத் தயாராக இருங்கள். இலங்கையில் கொழும்பு தூதரகம்.

இந்தக் கட்டத்திலேயே பலர் தவறவிடும் ஒரு விஷயம் குழந்தைகள். துணைவருக்கு முந்தைய திருமணத்தில் பிள்ளை இருந்து, ஸ்பான்சர் குடியுரிமை பெற்றவர் என்றால், அந்தப் பிள்ளைக்குத் தனியாக இன்னொரு ஐ-130 போட வேண்டும். அம்மாவின் விசாவோடு பிள்ளை தானாக ஒட்டிக்கொண்டு வராது. அதோடு, உங்கள் திருமணம் நடந்தபோது பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது ஸ்பான்சரின் மாற்றுப்பிள்ளையே ஆகாது. எஃப்2ஏ பிரிவில் விதி வேறு. அங்கே 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளை கூடவே வரலாம். பிள்ளைக்கு 18ஐயோ 21ஐயோ நெருங்குகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் வக்கீலிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

படி 2: வக்கீல் இல்லாமலே ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி ஐ-130 ஆன்லைனில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. என்விசி கட்டத்தில் விசா கட்டணம் 325, ஐ-864 பரிசீலனைக்கு 120. விசா கிடைத்தபின் கிரீன் கார்டு அச்சிட 235. ஆன்லைன் வழியில் மொத்தம் 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, பயணம் எல்லாம் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் தளத்தைப் பார்த்துக் கட்டுங்கள்.

வக்கீல் முழு வேலையையும் எடுத்துக்கொண்டால் இதற்கு மேல் சில ஆயிரம் டாலர் ஆகும். வக்கீல் வைத்தால் கோப்பு வேகமாக நகரும் என்பது மட்டும் உண்மையல்ல. ஐ-130க்குப் பணம் கட்டி முந்தும் பிரீமியம் வசதி கிடையாது. "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: படிவங்களை வரைவாக நிரப்பிப் பாருங்கள்

வக்கீலைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஐ-130, துணைவருக்கான ஐ-130ஏ, ஐ-864 ஆகியவை யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டிஎஸ்-260இல் என்னென்ன கேட்பார்கள் என்பதற்கு மாதிரிப் படிவம் வெளியுறவுத் துறைத் தளத்தில் இருக்கிறது. இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படியுங்கள். அனுப்பத் தேவையில்லை, பதிலைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஐ-130 கடந்த 5 ஆண்டு முகவரிகளையும் வேலைகளையும் கேட்கும். டிஎஸ்-260 இன்னும் ஆழமாகப் போய் 16 வயதிலிருந்து வாழ்ந்த இடங்களைக் கேட்கும். ஹாஸ்டல், பெங்களூரு பிஜி, துபாய் கம்பெனி அறை என்று பட்டியல் நீளும். அலுப்பாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை. ஆபத்து இருப்பது பாதுகாப்பு தொடர்பான ஆம்-இல்லை கேள்விகளில். எப்போதாவது கைதானீர்களா, விசா மறுக்கப்பட்டதா, அமெரிக்காவில் அனுமதிக் காலத்துக்கு மேல் தங்கினீர்களா, பொய்த் தகவல் தந்து விசா பெற முயன்றீர்களா என்று வரிசையாக வரும்.

எல்லாக் கேள்விக்கும் தயக்கமின்றி உண்மையான "இல்லை" வந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எந்தக் கேள்வியில் "இதுக்கு என்ன போடறது?" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறீர்களோ, அதைத் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால் வக்கீல் அநேகமாகத் தேவையில்லை. ஏதாவது எழுதியிருந்தால், வக்கீலிடம் கொண்டுபோக வேண்டியது அந்தத் தாளைத்தான்.

படி 4: இவற்றில் ஒன்று இருந்தாலும் வக்கீலைப் பாருங்கள்

*முன்பு அமெரிக்காவில் காலம் கடந்து தங்கியது.* சட்டப்படி அனுமதியின்றி 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டுத் தடை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விதி இது. கணக்குதான் தந்திரமானது. மாணவர் விசாவில் வந்து படிப்பை விட்டுவிட்டவருக்கு நாட்கள் எண்ணப்படும் முறை வேறு, சுற்றுலா விசாவில் குறிப்பிட்ட தேதி முத்திரையுடன் வந்தவருக்கு வேறு. 18 வயதுக்கு முந்தைய நாட்கள் கணக்கில் சேராது. ஆகவே "நான் ஓவர்ஸ்டே பண்ணிட்டேன்" என்று நினைப்பவருக்குத் தடையே இல்லாமலும் போகலாம். இந்தக் கணக்கை நீங்களாகப் போடாதீர்கள்.

இதில் ஒரு பெரிய பொறி, துணைவர் இப்போது அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் நிலை. விமான நிலையத்தில் முறைப்படி சோதித்து உள்ளே விடப்பட்டவர், அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்திருந்தால், காலம் கடந்து தங்கியிருந்தாலும் பல நேரங்களில் உள்ளேயிருந்தே ஐ-485 மூலம் கிரீன் கார்டு கேட்க முடியும். அதே ஆள் "ஊருக்குப் போய் விசா வாங்கிட்டு வந்துடறேன்" என்று விமானம் ஏறினால், 180 நாளைத் தாண்டியிருந்தால் வெளியேறிய நொடியில் தடை விழுந்துவிடும். டிக்கெட் போடும் முன் வக்கீல். இதில் விதிவிலக்கே சொல்ல மாட்டேன்.

*பழைய விசா விண்ணப்பத்தில் சொன்ன பொய்.* நம் ஊர்களில் அதிகம் இருப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். மாணவர் விசாவுக்கு ஏஜென்ட் போலி வங்கி அறிக்கை வைத்திருப்பார். வேலை விசாவுக்கு இல்லாத அனுபவச் சான்று வைத்திருப்பார். சுற்றுலா விசாவுக்கு "திருமணமாகாதவர்" என்று போட்டிருப்பார், அல்லது அமெரிக்காவில் அண்ணன் இருப்பதை மறைத்திருப்பார். ஏஜென்ட் செய்தது எனக்குத் தெரியாது என்று சொல்வது எளிது, அதை நிரூபிப்பது கடினம். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. முக்கியமான பொய் என்று அதிகாரி முடிவு செய்தால் தடை ஆயுள் முழுக்க. அதற்கு ஐ-601 என்ற விலக்கு மனு உண்டு. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைவருக்கு, அல்லது அத்தகைய பெற்றோருக்கு, மிகக் கடுமையான கஷ்டம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். இது வக்கீல் எழுத வேண்டிய மனு. பழைய விண்ணப்பங்கள் அரசிடம் அப்படியே இருக்கின்றன. இன்றைய டிஎஸ்-260ஐ அதோடு ஒப்பிடுவார்கள் என்று எண்ணித்தான் பதில் எழுத வேண்டும்.

*அமெரிக்கக் குடிமகன் என்று எங்காவது சொல்லியிருப்பது.* வேலையில் சேரும் ஐ-9 படிவத்தில் தவறான கட்டத்தில் குறி போட்டது, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கேட்டபோது வாக்காளராகப் பதிந்தது. அற்பமாகத் தெரியும். ஆனால் கிரீன் கார்டு கேட்பவருக்கு இந்தத் தடையிலிருந்து பொதுவாக விலக்கே இல்லை.

*கைது, வழக்கு, போதைப்பொருள்.* வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும், ஆவணங்களோடு வக்கீலிடம் காட்டுங்கள். கஞ்சா பல மாநிலங்களில் சட்டபூர்வமாகிவிட்டது, ஆனால் குடிவரவு கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் வருவது. தூதரக மருத்துவர் கேட்கும்போது சொல்வதும் கோப்பில் ஏறும். பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, முன்பே ஆலோசனை பெற்றுவிட்டுப் போங்கள்.

*முந்தைய திருமணங்கள்.* விவாகரத்து நீதிமன்றத் தீர்ப்பாகக் கையில் இருந்தால் கவலையில்லை. பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டது, பத்திரத்தில் எழுதிக்கொண்டது, சமூக வழக்கப்படி பிரிந்தது என்றால் அது சட்டப்படி செல்லும் என்று நிரூபிக்கும் சுமை உங்கள்மேல். முந்தைய திருமணம் குடிவரவுக்காகச் செய்த போலித் திருமணம் என்று எப்போதாவது முடிவாகியிருந்தால், பிறகு யார் மனுப் போட்டாலும் ஒப்புதல் கிடைக்காது. ஸ்பான்சரே திருமணம் மூலம் கிரீன் கார்டு வாங்கி, பிரிந்து, அந்த கார்டு கிடைத்த 5 ஆண்டுக்குள் வேறு துணைவருக்கு மனுப் போடுகிறார் என்றால், அந்த முதல் திருமணம் உண்மையானது என்று வலுவாக நிரூபிக்க வேண்டியிருக்கும். இதுவும் வக்கீல் வேலை.

*சொந்தத்தில் திருமணம்.* அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் திருமணங்கள் நமக்குச் சாதாரணம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் இடம் தருகிறது. அமெரிக்கா திருமணம் நடந்த இடத்தின் சட்டத்தை முதலில் பார்க்கும். அதோடு தம்பதி வாழப்போகும் மாநிலத்தின் சட்டமும் சில நேரம் குறுக்கே வரும். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அத்தை, மாமன் பிள்ளைகள் மணக்கத் தடையில்லை. டெக்ஸாஸில் அதற்குத் தடை உண்டு, குற்றப் பிரிவும் இருக்கிறது. இன்டர்வியூவில் "இருவரும் உறவினரா?" என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே எந்த மாநிலத்தில் குடியேறுகிறீர்கள் என்பதைச் சொல்லி, ஒரு முறை கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். தாய்மாமன், அக்கா மகள் திருமணம் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

*முன்பு திருப்பி அனுப்பப்பட்டது.* நீதிமன்றம் வழியாகவோ விமான நிலையத்திலிருந்தே நேராகவோ.

ஸ்பான்சர் பக்கமும் ஒரு பார்வை. சிறார்மீதான சில குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர் மனுப் போடுவதை 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் தடுக்கிறது. பல ஆண்டாக வருமான வரி தாக்கல் செய்யாதவர் ஐ-864இல் மாட்டுவார். ஸ்பான்சர் இந்தியாவிலோ வளைகுடாவிலோ வாழ்பவர் என்றால், அமெரிக்காதான் நிரந்தர வீடு என்றோ, துணைவர் வரும் நேரத்துக்குள் திரும்பி விடுவேன் என்றோ காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு வக்கீல் தேவையில்லை, திட்டமும் காகிதமும் போதும்.

படி 5: பயமுறுத்தும், ஆனால் வக்கீல் கேட்காத விஷயங்கள்

இனிஷியல் நமக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக, திருமணச் சான்றிதழில் இனிஷியலே இல்லாமல். இதைப் பார்த்து யாரும் விசா மறுப்பதில்லை. எல்லாப் பெயர் வடிவங்களையும் "வேறு பெயர்கள்" கட்டத்தில் எழுதுங்கள், எல்லாம் ஒரே நபர் என்று ஓர் அஃபிடவிட் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால், விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று விழும். அந்த மூன்றெழுத்து பிறகு ஓட்டுநர் உரிமம் வரை துரத்தும். முடிந்தால் மனுப் போடும் முன் பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லை, அல்லது சான்றிதழே இல்லை என்பதும் தீராத சிக்கல் அல்ல. பெயரைச் சேர்க்க நகராட்சியிலோ தாலுகாவிலோ வழி உண்டு. பதிவே இல்லை என்றால் "பதிவு கிடைக்கவில்லை" என்ற சான்றும் நெருங்கிய உறவினரின் அஃபிடவிட்டும் தேவைப்படும். திருமணத்துக்குப் பதிவு அலுவலகச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமும்கூட. கோயில் சீட்டும் மண்டப ரசீதும் துணைச் சான்றாக மட்டுமே உதவும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. இரு மொழியும் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, சரியானது என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

போலீஸ் சான்றிதழ் இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவா மூலம் கிடைக்கும். 16 வயதுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த பிற நாடுகளுக்கும் தேவை. சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று வேலை பார்த்தவர்கள் இதை முதலிலேயே தொடங்குங்கள். இது அலைச்சல், சட்டச் சிக்கல் இல்லை.

பெரியோர் பார்த்து வைத்த திருமணம் என்பதால் சந்தேகப்படுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அதிகாரிகளுக்கு இது புதிதல்ல. பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், திருமண அழைப்பிதழ், இரு வீட்டார் இருக்கும் படங்கள், பயண டிக்கெட்டுகள், மாதவாரியாகச் சில வாட்ஸ்அப் பக்கங்கள், பணம் அனுப்பிய விவரம், வாரிசாகப் பெயர் போட்ட காப்பீடு. இவை போதும். ஆயிரம் பக்க உரையாடலை அச்சிட்டு அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை. கல்யாணமாகி ஒரு வாரத்தில் ஸ்பான்சர் விமானம் ஏறியிருந்தால், அடுத்தடுத்த சந்திப்புகளும் தொடர்பும் தெரியும்படி கோப்பைக் கட்டுங்கள்.

வருமானக் குறைவும் இப்படித்தான். குடும்ப அளவுக்கேற்ற வறுமைக்கோட்டில் 125 சதவீதம் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் இருவர் குடும்பத்துக்கு, அலாஸ்காவும் ஹவாயும் தவிர, அது 26,437 டாலராக இருந்தது. எட்டவில்லை என்றால் இணை ஸ்பான்சர் ஒருவர் கையெழுத்திடலாம். குடியுரிமை பெற்றவரின் துணைவருக்கு, குறையும் தொகையைப்போல் 3 மடங்கு சொத்தும் காட்டலாம். சித்தப்பாவிடம் கையெழுத்து கேட்கும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் பொறுப்பு விவாகரத்தால் முடியாது. வந்தவர் குடியுரிமை பெறும்வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ, நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகும்வரையோ, இறக்கும்வரையோ நீடிக்கும்.

தாமதத்துக்கும் உடனே வக்கீலிடம் ஓட வேண்டாம். ஸ்பான்சர் வாழும் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்தில் இதற்கென்றே ஊழியர்கள் இருப்பார்கள். அவர்கள் யுஎஸ்சிஐஎஸ், என்விசி, தூதரகம் மூன்றிடமும் இலவசமாக விசாரிப்பார்கள். ஸ்பான்சருக்கு வாக்குரிமை இல்லாவிட்டாலும் கேட்கலாம்.

படி 6: சந்தேகம் இருந்தால் உங்கள் பழைய கோப்பை வாங்குங்கள்

முன்பு அமெரிக்கா வந்துபோன துணைவருக்கு இது அவசியம். தகவல் சுதந்திரச் சட்டப்படி யுஎஸ்சிஐஎஸ்ஸிடமும், எல்லைக் காவல் துறையான சிபிபியிடமும் தங்கள் கோப்பை ஆன்லைனில் கேட்கலாம். எந்த நாளில் நுழைந்தார், எந்த நாளில் வெளியேறினார், அதிகாரி என்ன குறித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். நினைவை நம்பி வக்கீலிடம் பேசுவதைவிட இந்தக் காகிதத்தோடு பேசுவது பல மடங்கு பயன்.

படி 7: முழு வக்கீல் வேண்டாம், ஒரு மணி நேர வக்கீல் போதுமா?

பலர் முழுசாக வைப்பது, அடியோடு வைக்காமலிருப்பது என்ற இரண்டை மட்டும்தான் யோசிக்கிறார்கள். நடுவில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டணம் கொடுத்து ஒரு மணி நேர ஆலோசனை. படி 3இல் எழுதிய தாளோடு போனால், உங்கள் சந்தேகம் உண்மையான சட்டச் சிக்கலா இல்லையா என்பது அந்த ஒரு மணியில் தெரிந்துவிடும். இன்னொன்று, படிவங்களை நீங்களே நிரப்பி, அனுப்பும் முன் வக்கீலைச் சரிபார்க்கச் சொல்வது. எல்லா வக்கீலும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான தம்பதிகளுக்கு நான் சொல்வது, தாளில் ஒன்றுமில்லை என்றால் நீங்களே செய்யுங்கள், ஒன்றிரண்டு சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேர ஆலோசனை, படி 4இல் எதாவது உறுதியாக இருந்தால் முழு வக்கீல். சிக்கல் எதுவுமே இல்லாமல் முழு வக்கீல் வைப்பதும் தப்பில்லை. வேலைப்பளு அதிகம், காகிதம் என்றாலே ஒவ்வாமை, ஆங்கிலப் படிவம் வசப்படவில்லை என்பவர்களுக்கு அது நியாயமான செலவு. வாங்குவது சௌகரியம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: ஆளைத் தேர்ந்தெடுப்பது

குடிவரவுச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம் என்பதால், எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலும் உங்கள் வழக்கை எடுக்கலாம். அந்த மாநில பார் கவுன்சில் தளத்தில் பெயரைத் தேடி உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று பாருங்கள். வக்கீல் தவிர, நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிகளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களில் குறைந்த கட்டணத்தில் இவர்கள் வேலை செய்வார்கள். உங்கள் சார்பாக யார் நின்றாலும் ஜி-28 என்ற படிவத்தில் கையெழுத்திட்டாக வேண்டும். "நான் பார்த்துக்கறேன், ஆனா என் பேரு எங்கேயும் வராது" என்பவர் வக்கீலாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஊரில் உள்ள விசா கன்சல்டன்ட், வரி தாக்கல் செய்து தருபவர், நோட்டரி ஆகியோர் நீங்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து தரலாம். எந்தப் பதிலைப் போடுவது என்று ஆலோசனை சொல்ல அமெரிக்கச் சட்டம் அவர்களை அனுமதிக்கவில்லை. படி 4இல் சொன்ன பொய்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: தூதரகம் வழியான துணைவர் விசாக்களை வழக்கமாகக் கையாள்கிறாரா, அல்லது எச்-1பி வேலைதான் அதிகமா? படிவத்தை நிரப்புவது அவரா, உதவியாளரா, அனுப்பும் முன் யார் சரிபார்ப்பார்? சொன்ன கட்டணத்தில் என்விசி கட்டமும் இன்டர்வியூ தயாரிப்பும் சேருமா, ஐ-130 ஒப்புதலோடு நின்றுவிடுமா? கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் தனிப் பணமா? இந்தக் கடைசி இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு மனக்கசப்பு வரும். அனுப்பிய எல்லாவற்றின் நகலும் உங்களுக்கு வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால், விசா நிச்சயம் என்று உத்தரவாதம் தந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, வக்கீல் பொதுவாகக் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே ஆஜராவார். ஒருவர் சொல்லும் ரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைத்து வைக்க அவரால் முடியாமல் போகலாம். துணைவருக்குத் தெரியாத பழைய விஷயம் ஏதாவது இருந்தால், கூட்டாக ஒப்பந்தம் போடும் முன் வேறொரு வக்கீலிடம் தனியாக ஆலோசியுங்கள்.

படி 9: வக்கீலால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள்

இன்டர்வியூ அறைக்குள் வக்கீலைப் பல தூதரகங்கள் விடுவதில்லை. உள்ளே பதில் சொல்வது துணைவர்தான். அதனால் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அமெரிக்காவில் உள்ளவரும் வக்கீலும் முடித்துவிட்டு, இங்கே இருப்பவர் ஒன்றும் தெரியாமல் மும்பைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

தூதரக அதிகாரி விசாவை மறுத்துவிட்டால், அந்த முடிவை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தொடுவதில்லை. தன் கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து ஓர் அமெரிக்கக் குடிமகள் தொடுத்த முனோஸ் வழக்கில், துணைவரை நாட்டுக்குள் அழைத்து வருவது குடிமக்களின் அடிப்படை அரசியலமைப்பு உரிமை அல்ல என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீலுக்குச் செலவழிப்பதாக இருந்தால் மனுப் போடும் முன் செலவழியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மறுப்புக்குப் பின் அவர் கையில் இருக்கும் கருவிகள் மிகக் குறைவு.

221(ஜி) என்று எழுதிய தாள் கையில் வந்தால் பதற வேண்டாம். தொழில்நுட்பப்படி அது மறுப்பு, நடைமுறையில் பெரும்பாலும் இன்னொரு ஆவணம் கேட்பதோ கூடுதல் பரிசீலனையோதான். கேட்டதைக் கொடுங்கள். ஆவணம் எதுவும் கேட்காமல் மாதக்கணக்கில் இழுத்தால் முதலில் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம், அதன்பின் வக்கீல். முடிவெடுக்காமல் வைத்திருப்பதை எதிர்த்து வழக்குத் தொடர வழி உண்டு. ஆனால் அந்த வழக்கில் கிடைக்கக்கூடியது ஏதோ ஒரு முடிவு மட்டுமே, அது விசாவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறு சட்டப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மறுத்திருந்தால், அந்தத் தாளோடு அன்றே வக்கீலைத் தேடுங்கள். அவசரப்பட்டு இன்னொரு மனுப் போட வேண்டாம்.

படி 10: வந்து சேர்ந்தபின் ஒரு தேதி

திருமணமாகி 2 ஆண்டு நிறையும் முன் அமெரிக்காவுக்குள் நுழைபவருக்கு 2 ஆண்டு நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். ஒன்றாக வாழ்ந்துகொண்டிருந்தால் இதையும் நீங்களே செய்யலாம். கூட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் இவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். அதற்குள் பிரிந்துவிட்டாலோ, வீட்டில் வன்முறை இருந்தாலோ, துணைவர் தனியாகவே மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. "நான் கையெழுத்துப் போடலைன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்று மிரட்டப்படுபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது ஸ்பான்சர் வைத்த வக்கீலை அல்ல, தனக்கென்று ஒரு வக்கீலை.